பதினேழாம் அட்டை

மைக்கை என் கையிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்பதை அப்பாவிடம் நான் சொல்லவில்லை. மூன்று மாதமாகச் சொல்லவில்லை. பொய் சொல்வது வேறு, சொல்லாமல் விடுவது வேறு என்று எனக்கு நானே வக்கீலாகி வாதாடிக்கொண்டிருந்தேன். அந்த வழக்கில் ஒரு நாளும் நான் ஜெயித்ததில்லை.

அப்போது மலேசியாவின் ஜொகூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் தொடர்பியல் படித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் ஆண்டு. எங்கள் துறையில் மாணவர் கழகம் ஒன்று உண்டு. நிகழ்ச்சிக்குத் திட்டம் போடுவது, விருந்தினரை அழைப்பது, மேடையில் நின்று அறிவிப்பது எல்லாம் மாணவர்களே. முதல் ஆண்டிலேயே அதில் சேர்ந்து மைக்கைப் பிடித்துவிட்டேன். குரல் நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். குரல் நன்றாகத்தான் இருந்தது, வயிறுதான் சரியில்லை. மேடை ஏறும் ஒவ்வொரு முறையும் கலங்கும். காலையில் நிகழ்ச்சி என்றால் முந்தின நாள் மத்தியானமே சாப்பாடு இறங்காது. பேச்சுத் தொழிலுக்குப் படிக்க வந்தவளுக்குப் பேசப் பயம் என்பதை யாரிடம் சொல்வது? சிரித்துக்கொண்டே மேடை ஏறுவேன், சிரித்துக்கொண்டே இறங்கிக் கழிவறைக்கு ஓடுவேன்.

அப்படியே ஓட்டியிருக்கலாம். ஆனால் மூன்றாம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு கருத்தரங்கு வந்தது. வந்திருந்த விருந்தினர் 'டத்தோ' பட்டம் வாங்கியவர். நம் நாட்டில் பட்டம் உள்ளவரை எப்படி விளிக்க வேண்டும், யாருக்கு முன்னால் யாரைச் சொல்ல வேண்டும் என்பதற்கெல்லாம் ஒரு வரிசை உண்டு. அதை மனப்பாடம் செய்து, கண்ணாடி முன் நின்று ஒப்பித்து, கையிலும் எழுதி வைத்திருந்தேன். மேடையில் தாளைப் புரட்டும்போது இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டன. நாக்கு புரண்டது. டத்தோவை 'என்சிக்' என்று கூப்பிட்டுவிட்டேன். என்சிக் என்றால் வெறும் திரு. தெருவில் போகிற யாரையும் அப்படிக் கூப்பிடலாம்.

அவர் பெரிய மனசோடு சிரித்தார். முன்வரிசையில் மற்ற யாரும் சிரிக்கவில்லை. கழகத்துக்குப் பொறுப்பாக இருந்த விரிவுரையாளரை நாங்கள் மேடம் என்போம். மறுநாள் அவர் என்னை அறைக்குக் கூப்பிட்டு, மலாயில், மிகவும் மெதுவாக, கொஞ்ச காலம் மேடைக்குப் பின்னால் இருக்கும் வேலைகளைப் பார்த்துக்கொள் என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த மெதுவான குரல்தான் மூன்று மாதம் காதிலேயே கிடந்தது.

இதற்கிடையில் ஒரு கடிதம் வந்தது. எங்கள் துறையில் 'ஹானர் சொசைட்டி' என்று ஒன்று இருந்தது. தொடர்பியல் படிப்பவர்களில் நல்ல மதிப்பெண் எடுத்தவர்களை மட்டும் பொறுக்கிச் சேர்க்கும் சங்கம். தலைமையகம் ஏதோ வெளிநாட்டில். ஆண்டுக்கு ஒருமுறை விழா வைத்து, ஒவ்வொருவர் பெயராக வாசித்து, கழுத்தில் ஒரு நீலக் கயிறு போட்டு, சான்றிதழ் கொடுப்பார்கள். அந்த ஆண்டு சேர்க்கப்பட்ட இருபத்து மூன்று பேரில் நானும் ஒருத்தி. பெற்றோரையும் அழைத்து வரலாம்.

சந்தோஷத்தில் அவசரப்பட்டு வீட்டுக்குப் போன் போட்டுவிட்டேன். அதுதான் வினை.

அப்பா காஹாங் பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் மண்டோர். அதாவது குலை வெட்டுகிற ஆட்களுக்கு மேலாள். தினமும் காலையில் வேலைக்குப் போகும் முன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்கள். அதற்குத் தோட்டத்தில் பெரட்டு என்று பெயர். கூப்பிட்டதும் 'ஹாடிர்' என்று குரல் கொடுக்க வேண்டும். வந்திருக்கிறேன் என்பதற்கு மலாய்ச் சொல் அது. குரல் வராவிட்டால் அன்றைக்கு அந்த ஆள் ஆப்சென். அப்பா வெட்டுக்காரராக இருந்த காலத்தில் இருபது வருஷம் ஹாடிர் சொன்னவர். இப்போது அவரே கூப்பிடுகிறார். இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளம் என்று எங்கெங்கிருந்தோ வந்த பெயர்களை ஒரு சின்ன நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு கூப்பிடுவார். மைக் கிடையாது. வரிசையின் கடைசி ஆளுக்கும், அதற்கும் தள்ளி லாரி ஓட்டுபவனுக்கும் கேட்கும்.

அந்தத் தொண்டையை அவர் வீட்டிலும் கழற்றி வைப்பதில்லை. போனில் பேசினால் எதிர் வரிசை வீட்டுக்கு எங்கள் கதை முழுக்கத் தெரியும். பள்ளி நாட்களில் பெற்றோர் கூட்டத்துக்கு அவர் வராமல் இருக்க நான் என்னென்னவோ செய்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அதை இப்போது எழுதவும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

"விழா அன்னைக்கி நீதானம்மா மைக்குல?" என்று அப்பா போனில் கேட்டார்.

"நானும் இருப்பேன்ப்பா" என்றேன்.

"ஆபீஸ் கிராணிகிட்ட சொல்லிட்டேன். எம்பொண்ணு யூனிவர்சிட்டில மைக்கு பேசுறா, பாக்கப் போறேன்னு. லீவு குடுத்துட்டாரு. எல்லாருக்கும் தெரியும் லா."

கிராணி என்றால் தோட்ட அலுவலக எழுத்தர். எல்லாருக்கும் என்றால் எல்லாருக்கும்தான். பெரட்டிலேயே அறிவித்திருப்பார். போனை வைத்தேன்.

விழாவில் மேடம் எனக்குக் கொடுத்த வேலை, பெயர்ப் பட்டியல். இது நன்றாக முடிந்தால் அடுத்த நிகழ்ச்சியில் திரும்ப மைக்குக்குப் போகலாம் என்று சாடையாகச் சொன்னார். சேரப்போகும் இருபத்து மூன்று பேரின் பெயர்களையும் எப்படி உச்சரிக்க வேண்டும் என்று அவரவரிடமே கேட்டு, ஆளுக்கு ஓர் அட்டையில் எழுதி, வரிசை எண் போட்டு, அறிவிப்பாளரிடம் கொடுக்க வேண்டும். சுலபமான வேலை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். எனக்கோ அன்றிலிருந்து தூக்கம் போயிற்று.

சிக்கல் எங்கே தொடங்கியது என்றால், தலைமையகத்தின் படிவத்தில். கணினியில் நிரப்ப வேண்டிய அந்தப் படிவத்தில் இரண்டே கட்டங்கள். ஒன்று உங்கள் பெயர், இன்னொன்று குடும்பப் பெயர். நமக்கு ஏது குடும்பப் பெயர்? சிவப்பு நட்சத்திரம் போட்ட அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போகவும் விடவில்லை. மலாய்ப் பிள்ளைகளும் நாங்களும் அப்பா பெயரைப் போட்டோம். சீனப் பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயர் முன்னால் வரும், படிவம் அதைப் பின்னால் தள்ளியது. சரவாக்கிலிருந்து வந்த ஒருத்தியின் பெயரில் 'அனாக்' என்று நடுவில் வரும், இன்னாரின் பிள்ளை என்பதுதான் அதற்குப் பொருள், அது அவள் பெயரே இல்லை. வந்து சேர்ந்த பட்டியலில் எல்லோரும் குடும்பப் பெயர், ஒரு காற்புள்ளி, தன் பெயரின் முதலெழுத்து என்று நின்றார்கள். அதில் பாதிப் பேர் தங்கள் அப்பாக்களாக நின்றார்கள்.

ஒவ்வொருவராகத் தேடிப் போனேன். நூலகத்தில், பேருந்து நிறுத்தத்தில், கேன்டீனில் வரிசையில் நின்றவர்களிடம்கூட. உன் பெயரைச் சொல், இன்னொரு முறை சொல், எந்த இடத்தில் அழுத்தம், மலாய்ப் பெண் பெயரில் மகள் என்பதைச் சொல்லும் 'பிந்தி' சேர்க்கட்டுமா வேண்டாமா. ஒரு சீனப் பையன் தன் பெயரை நான் ஆறாவது முறை சொன்னபோது, போதும், எங்க அம்மாவே இப்படித்தான் கூப்பிடுவாங்க என்று சிரித்துவிட்டுப் போனான். எனக்கு நிம்மதி வரவில்லை. அவன் அம்மா தப்பாகக் கூப்பிட்டால் என்ன செய்வது என்று கவலைப்பட்டேன்.

நம் பெயர்களில் மகளுக்கு ஏ பி, மகனுக்கு ஏ எல் என்று நடுவில் சுருக்கிப் போட்டிருப்பார்கள். 'அனாக் பெரெம்புவான்', அதாவது இன்னாரின் மகள் என்பதன் சுருக்கம் அது. விழாக்களில் அதை அப்படியே ஏ பி என்று வாசித்துத் தொலைப்பார்கள். என்னமோ ரத்த வகை மாதிரி. அதைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். இந்த முறை ஒருவர் பெயரிலும் அது நடக்கக் கூடாது என்று முழுதாக எழுதி, அடியில் கோடும் போட்டேன்.

பதினேழாம் எண் என்னுடையது. என் பெயர் எனக்குத் தெரியாதா, கடைசியில் எழுதிக்கொள்ளலாம் என்று எண்ணை மட்டும் போட்டு வைத்தேன். அட்டைகளை மூன்று முறை எண்ணினேன். மூன்று முறையும் இருபத்து மூன்று சரியாக இருந்தது.

விழா ஒரு சனிக்கிழமை காலை. அந்த வாரம் முழுக்க மழை. அன்றைக்கு மைக்கில் நின்றவள் சிகாமட்டிலிருந்து வந்த மலாய்த் தோழி. என்னைவிட ஒரு வருஷம் மூத்தவள். அவள் வீடு ஆற்றங்கரைப் பக்கம். காலையிலிருந்து போனை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் படிக்கட்டு வரை வந்துவிட்டதாம், அவளுடைய அண்ணன் குளிர்பெட்டியை மேசைமேல் தூக்கி வைத்திருக்கிறானாம். அலமாக், என் மனசு இங்கே இல்லை என்றாள். நான் அட்டைகளை அவள் கையில் கொடுத்தேன். எல்லாம் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது, மூன்று தரம் எண்ணினேன் என்றேன். அவள் என்னை எப்போதும் இரண்டெழுத்தில் சுருக்கித்தான் கூப்பிடுவாள். என் முழுப்பெயர் அவளுக்குத் தெரியாது என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

அம்மாவும் அப்பாவும் அரைமணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டார்கள். குளுவாங்கில் பெட்ரோல் போட நின்றதைத் தவிர எங்கும் நிறுத்தவில்லையாம். அப்பா நீளக்கைச் சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தார். சுற்றிப் பார்த்தார்.

"பெரிய ஹால்தான். சத்தம் எடுக்குமா?" என்றார். நாலு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

அம்மாவை ஓரமாக இழுத்தேன். "ம்மா, அப்பாவ கொஞ்சம் மெதுவா பேசச் சொல்லுங்க. இங்க எல்லாம் பெரியவங்க வந்திருக்காங்க."

"வர்றப்பவே சொன்னேன். அதுக்கும் சத்தமாத்தான் சரின்னாரு."

அவர்களைக் கடைசி வரிசையில் உட்கார வைத்தேன். முன்னால் இடம் இருந்தது. இருந்தும் கடைசி வரிசையில்தான் உட்கார வைத்தேன். அப்போதே சொல்லியிருக்கலாம், அப்பா நான் மைக்கில் இல்லை என்று. ஒரே ஒரு வாக்கியம். அவர் பக்கம் திரும்பினேன். அதற்குள் அப்பா போனை எடுத்து, படம் பிடிக்கும் பொத்தான் எது என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார். நான் பேசும்போது பிடித்துக் கிராணிக்கு அனுப்ப வேண்டுமாம். வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டேன்.

விழா தொடங்கியது. தோழி மேடைக்கு வந்து வணக்கம் சொன்னாள். நாங்கள் மேடையின் இடப்பக்கப் படிக்கட்டில் வரிசையாக நின்றோம். என் பாவாடைப் பையில் போன் அதிர்ந்தது. அம்மாவிடமிருந்து செய்தி. மைக்குல வேற பொண்ணு நிக்கிது, நீ எங்க?

இன்னொன்று வந்தது. அப்பா கேக்குறாரு.

போனை அணைத்தேன். அங்கிருந்து எட்டிப் பார்த்தால் கடைசி வரிசை தெரிந்தது. அப்பா போனை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எங்கேயாவது முளைப்பேன் என்று காத்திருந்தார்.

பெயர்கள் வாசிக்கத் தொடங்கினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொரு பெயருக்கும் மூச்சைப் பிடித்து விட்டேன். சரவாக்கில் இருந்து வந்தவள் பெயர் சரியாக வந்தது. அந்தச் சீனப் பையன் மேடை ஏறும்போது என்னைப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினான். முன்வரிசையில் மேடம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். பதினான்கு, பதினைந்து. எல்லாம் சரி. எனக்கே நம்ப முடியவில்லை. பதினாறாவது ஆள் போய்க் கயிறு போட்டுக்கொண்டு இறங்கினாள்.

தோழி அடுத்த அட்டையை எடுத்தாள்.

அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். மறுபக்கமும் காலி. அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. இருபத்திரண்டு பேர் பெயரைத் துரத்தித் துரத்தி எழுதியவள் என் பெயரை எழுதவே இல்லை. வெறும் பதினேழு என்ற எண்ணோடு அந்த அட்டை அவள் கையில் இருந்தது. என் பெயரைச் சொல்லிக் கத்தலாமா என்று பார்த்தேன், வாய் திறக்கவில்லை. அவள் பதறிப்போய் மேசைமேல் இருந்த தலைமையகத்தின் பட்டியலைப் பார்த்தாள். விரலை வைத்துப் பதினேழுக்கு வந்தாள். அங்கே என்ன இருந்ததோ அதை வாசித்தாள்.

அங்கே இருந்தது என் அப்பாவின் பெயர்.

கடைசி வரிசையில் நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது. அப்பா எழுந்து நின்றுவிட்டார். வலது கை மேலே போயிருந்தது.

"ஹாடிர்" என்றார்.

ஹாலே திரும்பிப் பார்த்தது. எங்கோ ஒரு சிரிப்பு கிளம்பி வரிசை வரிசையாகப் பரவியது. தோழிக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் மறுபடியும் அதே பெயரை, இன்னும் தெளிவாக வாசித்தாள். அம்மா அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தார். அப்பா உட்காரவில்லை. தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். அவர் முகம் அப்படி ஆகி நான் பார்த்ததே இல்லை. வெளிநாட்டு ஆள் ஒருவன் முதல் நாள் பெரட்டில் நிற்பதைப் போல நின்றார். நான் போயிருக்க வேண்டும். இது என் தப்பு, அவரை எல்லோரும் பார்க்கிறார்கள், நான் போயிருக்க வேண்டும். போகவில்லை.

அப்பாதான் என்னைக் கண்டுபிடித்தார். மேடை, மைக்கில் நின்றவள், அப்புறம் படிக்கட்டு என்று பார்த்துக்கொண்டே வந்தவர், வரிசையில் முதல் ஆளாக நின்ற என்மேல் கண்ணை நிறுத்தினார். கை கீழே இறங்கியது. தொண்டையைச் செருமினார்.

பிறகு கூப்பிட்டார்.

முதலில் என் பெயர். ஓர் எழுத்தும் விழுங்காமல், இழுக்காமல். ஒரு சின்ன நிறுத்தம். அனாக் பெரெம்புவான். மறுபடி ஒரு நிறுத்தம். அதன் பிறகு அவருடைய பெயர். அத்தனை பெரிய ஹாலில் கடைசி வரிசையிலிருந்து மேடை வரைக்கும், மைக் இல்லாமல். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

அந்தக் குரலுக்குப் பதில் சொல்லாமல் யாரும் நிற்க முடியாது.

"ஹாடிர்" என்றேன்.

நானும் மைக் இல்லாமல்தான் சொன்னேன். ஹால் முழுக்கக் கேட்டிருக்க வேண்டும், ஏனென்றால் கைதட்டல் கடைசி வரிசையிலிருந்துதான் தொடங்கியது. மேடை ஏறினேன். கயிறு போட்டார்கள். வயிறு கலங்கியதா என்று யோசித்துப் பார்க்கிறேன், நினைவில்லை. தோழி மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, மன்னித்துக்கொள் என்று கண்ணில் நீரோடு சொன்னாள். நீ மன்னிக்க வேண்டும், அட்டை என்னுடையது என்றேன்.

விழா முடிந்து கேன்டீனில் உட்கார்ந்தோம். அம்மா கயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். டத்தோவை என்சிக் ஆக்கியது, மேடம் கூப்பிட்டது, மூன்று மாதம் மறைத்தது, இன்று வெற்று அட்டையைக் கொடுத்தது. சொல்லச் சொல்ல அழுகை வந்தது. அப்பா தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தார். அங்கே மட்டும் ஏனோ சத்தமே போடவில்லை.

"ஏம்மா சொல்லல?"

"நீங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டீங்களேப்பா."

"அதுவும் சரிதான்" என்றார். கோப்பையைக் கீழே வைத்தார். "பேரு கூப்பிட்டதும் எந்திரிச்சிட்டேன். ஒனக்கு அவமானமா போச்சா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். அவருக்கு அது போதவில்லை போலிருந்தது. அதனால் வாயைத் திறந்தும் இல்லை என்றேன்.

"திங்கக்கெழம பெரட்டுல கேப்பானுங்க. கிராணியும் கேப்பாரு, படம் எங்கன்னு" என்றார் அம்மா. "என்னா சொல்லப் போறீங்க?"

அப்பா சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டார்.

"மைக்கு வேல செய்யல, நாந்தான் கூப்பிட்டேன்னு சொல்லிடறேன்" என்றார்.

அதைப் பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை.